நாப்பது குடம் நல்ல தண்ணி

அங்கயே நில்லு பிள்ள. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னே பேசு, எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும். தோள்ல பை, கையில டார்ச்லைட்டு, கழுத்துல அட்டை. பாத்த உடனே தெரிஞ்சிட்டு, கொசு மருந்துக்காரின்னு. புதுசா? அதான பாத்தேன். பழைய ஆளுகன்னா இந்த வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிஞ்சுக்கிட்டுல்ல போவாளுக.

பேரு என்ன? மரியபுஷ்பம். எந்தத் தெரு? ஓகோ. சரி, கேட்டேன், அவ்வளவுதான். கேக்கக் கூடாதா? வீட்டு வாசல்ல நிக்கிற ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கிட வேண்டாமா?

அந்தப் பையில என்ன, பொடிதான? எடுத்துக் காட்டு. கிட்டக் கொண்டு வராத, அங்கன இருந்தே காட்டு. ஆமா, அதே பொடிதான். சலிச்ச தவிடு மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா அதை? உனக்கு இன்னைக்குத்தான் தெரியும், எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும். அந்தப் பொடியால இந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு உன்னைய அனுப்பினவுக சொன்னாகளா? சொல்ல மாட்டாக. ஜெயக்கொடின்னு ஒருத்தி இருந்தாளே, உனக்கு முந்தி இந்தத் தெருவுக்கு வந்தவ, அவளைப் பத்தியாவது சொன்னாகளா? அதையும் சொல்லியிருக்க மாட்டாக. சரி, நானே சொல்லுதேன். கேட்டுட்டு அப்புறம் சொல்லு, யாரு மேல தப்புன்னு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஐப்பசி மாசம். என் மக சுபாவுக்கு வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டோம். தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான, அது தெரியாதாக்கும். தூத்துக்குடியில மாப்பிள்ள வீட்டுல ஏசி உண்டு, திருகினா இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி உண்டு. நம்ம ஊருல என்ன உண்டு? பன்னெண்டு நாளைக்கு ஒருதரம் நல்ல தண்ணி. அதுவும் ஒரு மணி நேரம். அதைப் பிடிச்சுத்தான் குடிக்கணும், சோறு பொங்கணும், வாரவுக போறவுகளுக்குக் குடுக்கணும். மத்த எல்லாத்துக்கும் உப்புத் தண்ணி. பச்சப்பிள்ளையை உப்புத் தண்ணியில குளிப்பாட்ட முடியுமா? தோலு என்னத்துக்கு ஆகும்? பெத்தவ உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால நான் என்ன செஞ்சேன், ஆடி மாசத்துல இருந்தே சேத்தேன். ஒவ்வொரு தண்ணிக்கும் நாலு குடம், அஞ்சு குடம்னு தனியா எடுத்து, பின்கட்டு ரூம்ல ரெண்டு பித்தளை அண்டா, ஒரு சிமெண்டுத் தொட்டி, எல்லாத்துலயும் நெப்பி வச்சேன். நாங்க குடிக்கிறதைக் குறைச்சுக்கிட்டோம். அவுக, எங்க வீட்டுக்காரர், ராத்திரி சொம்புத் தண்ணிக்குக்கூட என்கிட்டக் கேட்டுட்டுத்தான் குடிப்பாக. அப்படிச் சேத்தது நாப்பது குடம். பேரப்பிள்ளைக்குன்னு சேத்த தண்ணி. மேல பழைய வேட்டியைத் துவைச்சுக் காயப்போட்டு, அதால மூடிக் கட்டி வச்சிருந்தேன். ஒரு தூசி விழ விட மாட்டேன். இந்தத் தெருவுல கேட்டுப்பாரு, என் வீட்டுச் சுத்தத்தைப் பத்தி எவளாவது ஒரு வார்த்தை குறை சொல்லட்டும்.

அப்பத்தான் வந்தா அந்த ஜெயக்கொடி. அதுக்கு முந்தி வேற மருந்துல்ல ஊத்திட்டு இருந்தாளுக, நாத்தம் பிடிச்ச மருந்து. அதையே நான் முன் தொட்டியோட நிறுத்தி வச்சிருந்தேன். இவ வந்து, அக்கா, இது புது மருந்துக்கா, நாத்தமே கிடையாதுக்கா, இது கிருமிங்கா.

கிருமியா?

ஆமாக்கா, மண்ணுல இருக்கிற ஒரு கிருமி. அதை வளத்துப் பொடியாக்கியிருக்காக. தண்ணியில கரைச்சு விட்டா கொசுப்புழு அதைத் திங்கும். தின்ன உடனே அதுக்குக் குடலு ஓட்டையாகிச் செத்துரும். நம்மளை ஒண்ணும் செய்யாது. ஏன்னா புழு வயித்துல இருக்கிறது காரம், நம்ம வயித்துல இருக்கிறது புளிப்பு, புளிப்புல அந்த விசம் வேலை செய்யாது. மீனுக்கும் ஒண்ணும் ஆகாது, கோழிக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு வாரந்தான் தாங்கும், அதனால வாரா வாரம் போடணும். வாத்திச்சி மாதிரி சொல்லுதா. ரெண்டு நாள் டிரெயினிங்கு, அதுக்குள்ள வயித்துல புளிப்பாம், காரமாம்.

நான் கேக்கேன், நீயே சொல்லு பிள்ள. கிருமியைச் சாகடிக்கத்தான சோப்பு போடுதோம், மஞ்சத் தண்ணி தெளிக்கோம், தண்ணியைக் கொதிக்க வைக்கோம். இவ என்னடான்னா கிருமியை டப்பாவுல அடைச்சுக் கொண்டாந்து வீட்டுக்குள்ள ஊத்துதேங்கா. என் வீட்டுல கிருமியே கிடையாதுடி, நீ எதுக்கு வெளியில இருந்து கொண்டு வாரேன்னு கேட்டேன். அதுக்குச் சிரிக்கா. எனக்கு வந்துச்சு பாரு.

சிரிச்சிட்டு என்ன செஞ்சா தெரியுமா? முற்றத்து டிரம்முல பொடியைக் கரைச்சு விட்டா. அக்கா, ஒரு டம்ளர் தாங்கன்னா. அந்தா, ஜன்னல்ல கமுத்தியிருக்கு பாரு எவர்சில்வர் டம்ளர், அதைக் காட்டுனேன். அது வெளியாளுகளுக்குன்னு வச்சிருக்கிறது. அதை எடுத்து, அந்தத் தண்ணியை மோந்து, என் கண்ணு முன்னாடியே மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு, பாருங்கக்கா, ஒண்ணுமில்லைங்கா. குடிக்கட்டும். அவ குடிச்சா எனக்கென்ன? அவ வயித்துலயா பிள்ள இருக்கு? என் மக வயித்துலல்ல இருக்கு. அந்த டம்ளரை அன்னைக்குப் புளி போட்டுத் தேச்சேன்.

என்ன, வாட்ச்சைப் பாக்க? இன்னும் எத்தனை வீடு, நாப்பதா? இருக்கட்டும். அவசரப்பட்டு வேலை பாத்தவ கதையைத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அடுத்த செவ்வாக்கிழமை வந்தா. கேட்டைப் பூட்டிட்டேன். தண்ணியே இல்லடி, எல்லாத்தையும் கழுவிக் கவுத்தியாச்சு, போன்னேன். பாத்துட்டுப் போறேங்கா. என் வீட்டை நீ என்ன பாக்கிறது? பாக்காம கார்டுல கையெழுத்துப் போட முடியாதுக்கா, மூணு வாரம் கையெழுத்து இல்லைன்னா சூப்பர்வைசர் ஆளோட வந்துருவாருக்கான்னு சொல்லிட்டுப் போயிட்டா. மிரட்டுதா பாத்தியா? என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என் கார்டைக் காட்டி, என்னையவே மிரட்டுதா.

கார்டுன்னா அதுதான், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஆணியில தொங்குதே, அது மாதிரி. இது புதுசு. தேதி ஒரு கட்டம், கையெழுத்து ஒரு கட்டம். நான் பாத்தேன். பிள்ளைத்தாச்சிப் பொண்ணு இருக்கிற வீட்டுல நாலு தடியனுக பூட்ஸ் காலோட நுழையிறதா? அதுவும் பின்கட்டு வரைக்கும்? கையெழுத்து என்ன பெரிய கையெழுத்து. ஜெ போட்டு, பக்கத்துல ஒரு புள்ளி வச்சு, ஒரு வாலு இழுத்தா முடிஞ்சுது. மேல முதல் வாரம் அவ போட்டது இருந்துச்சு. அதைப் பாத்து, அதே நீலப் பேனாவுல. செவ்வாக்கிழமை அவ சத்தம் தெருமுனையில கேட்டா கார்டை உள்ள எடுத்துருவேன். அவ போன பிறகு தேதியைப் போட்டு, வாலை இழுத்து, மாட்டிருவேன். ஆறு வாரம். ஆறு வாரமும் ஒரு சூப்பர்வைசரும் வரல. இதுல யாருக்கு என்ன நட்டம்? அவளுக்கும் ஒரு வீட்டு வேலை மிச்சம்.

என்ன அப்படிப் பாக்க? கொலையா செஞ்சுட்டேன்? கட்டம் காலியா இருந்துச்சு, நெப்புனேன்.

சுபா அந்தப் பின்கட்டு ரூம்லதான் படுப்பா. நான்தான் அங்க படுக்கச் சொன்னேன். அண்டாவுல தண்ணி இருக்கிறதால குளுகுளுன்னு இருக்கும். அப்ப ஒருநாள் சொன்னா, அம்மா, இந்த ரூம்ல கொசு கடிக்கும்மா, மத்தியானத்துல கடிக்கும்மான்னு. பகல்ல ஏதுட்டி கொசு, எறும்பா இருக்கும், பாயை உதறிப் போட்டுப் படுன்னேன். காலைக் காட்டினா. சிவப்பா நாலஞ்சு தடிப்பு. தேங்காயெண்ணெய் தேச்சு விட்டேன். நான் தாய்தான? பாத்துக்கிட்டுச் சும்மாவா இருந்தேன்? தேச்சு விட்டேனே.

கார்த்திகை முடிய நாலு நாளு இருக்கும்போது காச்சல். அப்புறம் உனக்கே தெரியும், எல்லா வீட்டுலயும் நடக்கிறதுதான். இங்க ஒரு ஆஸ்பத்திரி, அங்க இருந்து திருநெல்வேலிக்கு. ரத்தத்துல தட்டணு இறங்குதுன்னாக. ஏத்துனாக. மக பிழைச்சிட்டா. பிள்ள பிழைக்கல. ஏழரை மாசம். பொம்பளப்பிள்ள. ஒரு நாளு இருந்துச்சு. தலை நிறைய முடி.

அதை விடு.

நான் சொல்ல வந்தது அது இல்ல. பிள்ள பிறந்த அஞ்சாம் நாளு நான் மாத்துத்துணி எடுக்க ஊருக்கு வாரேன், வாசல்ல கூட்டம். சூப்பர்வைசர், மூணு ஆளு, ஜெயக்கொடி. டெங்குன்னு ஆஸ்பத்திரியில இருந்து தகவல் வந்துட்டாம், வீட்டைப் பாக்கணுமாம். அவுக கதவைத் திறந்து விட்டுட்டு ஓரமா நிக்காக, வாயில்லாத மனுசன். நேரா பின்கட்டுக்குப் போனானுக. வேட்டியைத் தூக்கி டார்ச்சை அடிச்சான். நெளியுதாம். நான் பாக்கல. நான் எதுக்குப் பாக்கணும்? அந்த சூப்பர்வைசர் எனக்கு விளக்கம் சொல்லுதான். அம்மா, துணி நடுவுல தொஞ்சு தண்ணியில நனைஞ்சிருக்கு பாருங்க, கொசு உள்ள போக வேண்டாம், நனைஞ்ச துணி மேலயே முட்டை போட்டுரும், நல்ல தண்ணியிலதான் இந்தக் கொசு வளரும், சாக்கடையில வளராதுன்னு. நான் சொன்னேன், அப்ப அழுக்கா வச்சிருந்தா வந்திருக்காது, சுத்தமா வச்சதுதான் என் தப்பு, அப்படித்தானன்னு. அவன் வாளி கொண்டாரச் சொல்லிட்டான்.

பொறவு ஊத்துனானுக பிள்ள. நாப்பது குடம். வாளி வாளியா மோந்து தெருவுல ஊத்துனானுக. அவ்வளவு நல்ல தண்ணி, கண்ணாடி மாதிரித் தண்ணி, ஆடியில இருந்து நாக்கைக் காய வச்சுச் சேத்த தண்ணி, எதிர்வீட்டு வாசல் வரைக்கும் ஓடுச்சு. அன்னைக்குத்தான் நான் அழுதேன். ஆஸ்பத்திரியில அழல. பிள்ளையைத் துணியில சுத்திக் குடுத்தப்பகூட அழல. நடுத்தெருவுல உக்காந்து அந்தத் தண்ணியைக் கையால தடுத்துத் தடுத்து அழுதேன். அதை எதிர்வீட்டுக்காரி ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியுதா, பேத்தி செத்ததுக்கு அழாதவ தண்ணிக்கு அழுதான்னு. அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பிள்ள ஒரு சொம்புகூட மேல ஊத்திக்கிடலயே. அதுக்குன்னு வச்ச தண்ணியில்லா அது.

இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

உனக்கும் தண்ணி வேணுமா? அந்த ஜன்னல் டம்ளரை எடுத்துக்கோ. வேண்டாமா? வேண்டாம்னா போ.

அதுக்கப்புறம் சூப்பர்வைசர் கார்டைக் கழட்டிப் பாத்தான். ஆறு வாரமும் கையெழுத்து இருக்கு. வீட்டுக்குள்ள புழுவும் இருக்கு. ஜெயக்கொடி பக்கம் திரும்பினான். அவ, சார் இது என் கையெழுத்து இல்ல சார், இவுக என்னைய உள்ளயே விடல சார், என் நோட்டுல அனுமதி இல்லைன்னு எழுதியிருக்கேன் சார்ன்னு சொல்லி நோட்டைப் பிரிச்சுக் காட்டுதா. நோட்டு யாரு கையில இருக்கு? அவ கையில. எப்ப வேணும்னாலும் எழுதலாம்ல? அப்படித்தான் அவனும் சொன்னான். என்கிட்டக் கேட்டான், அம்மா, இந்தப் பொண்ணு வாரா வாரம் வந்தாளான்னு. வந்தான்னு சொன்னேன். அது பொய்யா? நீ சொல்லு. வாசல் வரைக்கும் வந்தாள்ல? கையெழுத்துப் போட்டாளான்னான். கார்டுல இருக்கே சார், பாருங்கன்னேன். அதுல பொய் எங்க இருக்கு? நான் போட்டேனா அவ போட்டாளான்னு அவன் கேக்கல. கேக்காததுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? என் பேத்தியைப் புதைச்சு மூணு நாளு. அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி நான் என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிடணுமா?

அன்னைக்கே அவளை நிறுத்திட்டாக. வேலையே பாக்காம பொய்க் கையெழுத்துப் போட்டான்னு. புருசன் கிடையாது அவளுக்கு, ரெண்டு பொம்பளப்பிள்ளைக. இப்ப தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குதாளாம். போகும்போது என்னைய ஏசுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நினைச்சேன். ஒண்ணும் செய்யல. நின்னு பாத்துட்டு, அக்கா, பிள்ள போச்சுன்னு கேள்விப்பட்டு நேத்து ராத்திரி பூரா அழுதேன், இதுக்கு நான் அழ மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. எவ்வளவு திமிரு பாரு. தப்பு பூரா அவ மேல வச்சுக்கிட்டு.

அவ மேலதான. வேற யாரு மேலன்னு சொல்லுத? நல்ல வேலைக்காரின்னா என்ன செஞ்சிருக்கணும்? பூட்டின கேட்டுன்னா அன்னைக்கே போயி சூப்பர்வைசரைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கணும். நான் திட்டினா திட்டட்டும்னு உள்ள நுழைஞ்சிருக்கணும். ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கான்னு தெரியும்ல அவளுக்கு? நான் போன்னா போயிருவாளா? நான் ஆயிரம் சொல்லுவேன். நான் தாய். பயத்துல சொல்லுவேன். அவளுக்கு எங்க போச்சு புத்தி?

சரி. அழல. வேர்வை. நீ சோலியைப் பாரு.

இப்ப விசயத்துக்கு வாரேன். சுபா இந்த வீட்டுப்படி மிதிச்சு ரெண்டு வருசமாச்சு. தீவாளிக்கு வரல, பொங்கலுக்கு வரல. நான் போனாலும் ரூமை விட்டு வெளிய வர மாட்டா, மாப்பிள்ளதான் காப்பி போட்டுக் குடுப்பாரு. இப்ப மறுபடி முழுகாம இருக்கா. ஆறு மாசம். போன வாரம் அவளே போன் பண்ணினா. ரெண்டு வருசத்துல முதல் போனு. அம்மா, நான் அங்க வாரேன், ஆனா வீட்டுல இருக்கிற ஒவ்வொரு பாத்திரத்துலயும் அந்தப் பொடியைப் போட்டிருக்கணும், வாரா வாரம் கையெழுத்தோட கார்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும், நாலு வாரம் பாப்பேன், பாத்துட்டுத்தான் வண்டி ஏறுவேங்கா. பெத்த தாய்கிட்ட அத்தாட்சி கேக்கா. கேக்கட்டும். வந்தாப் போதும். பாயைப் போட்டு, பக்கத்துல உக்காந்து, ராப்பகலா விசிறிக்கிட்டே இருப்பேன். ஒரு கொசுவை அண்ட விடுவேனா இந்தத் தடவை?

அதான் உன்னைய நிப்பாட்டிப் பேசுதேன். இல்லைன்னா உன்னைய முகத்துலயே பாத்திருக்க மாட்டேன். பேனா இருக்கா? கார்டை எடுத்துத் தாரேன். இன்னைக்குத் தேதியைப் போட்டு ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு நீ போயிக்கிட்டே இரு. உனக்கும் ஒரு வீட்டு வேலை மிச்சம்.

உள்ள பாக்கணுமா? எதுக்கு? முற்றத்து டிரம்மு வேணா பாத்துக்கோ, அதுல போடு, நான் வேண்டாம்னு சொல்லல. பின்கட்டா? பின்கட்டுல ஒண்ணும் இல்ல. பூட்டிக் கிடக்கு. சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.

என்ன சத்தமா? சொட்டு சொட்டுன்னா? உனக்கு நல்ல காதுதான். ஆமா, தண்ணிதான். நேத்துத்தான நல்ல தண்ணி வந்துச்சு. இதுவரைக்கும் இருபத்தாறு குடம் சேத்திருக்கேன். வாரவ பச்சப்பிள்ளையை உப்புத் தண்ணியிலயா குளிப்பாட்டுவா? இந்தத் தடவை வேட்டி இல்ல, ரெட்டைத் துணி போட்டிருக்கேன், நல்ல கெட்டித் துணி. இறுக்கித்தான் கட்டியிருக்கேன். தொங்கினாலும் லேசாத்தான் தொங்கும். அந்தத் தண்ணியில மட்டும் உன் கிருமியைப் போட விட மாட்டேன். அது பிள்ளைக்குன்னு வச்சது.

அப்ப கையெழுத்துப் போட மாட்ட? எல்லாப் பாத்திரத்தையும் பாத்தாத்தான் போடுவியா? அவளை மாதிரியே பேசுத. உங்களுக்கெல்லாம் ஒரே டிரெயினிங்குதான போல. சரி, போ. சூப்பர்வைசர்கிட்டச் சொல்லணும்னா சொல்லு, நல்லாச் சொல்லு. எனக்கும் சொல்லத் தெரியும், யாரு வந்தா, யாரு வரலன்னு.

ஏ பிள்ள, ஒரு நிமிசம். இங்க வா. இந்தா, காலண்டர்ல கிழிச்ச தாளு. இதுல உன் பேரை எழுதிட்டுப் போ. என்னத்துக்கா? வந்தது யாருன்னு சூப்பர்வைசர் வந்து கேட்டா நான் சொல்ல வேண்டாமா? பேரு எழுதுறதுல உனக்கு என்ன குறைஞ்சு போச்சு. முழுசா வேண்டாம், கார்டுல எப்படிப் போடுவியோ அப்படியே போடு.

மெதுவாப் போடு. அந்தக் கடைசிச் சுழியை எந்தப் பக்கம் இழுக்கன்னு எனக்குச் சரியாத் தெரியல.